முதலில் நாற்காலி

ரமாபாயிடம் சிரிப்பு வருகிற எதையாவது சொல்லப் போகிறீர்கள் என்றால், முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். அவள் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். காலடிப்பேட்டையில் அவள் குடியிருக்கும் சந்தில் இது எல்லாருக்கும் தெரியும். மீன்கூடையோடு வருகிற அம்மா முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை, "குந்திக்கோ ரமா, ஒண்ணு சொல்றேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாவுச் செய்தி சொல்லப் போகிறார்கள் என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தி பதறிப்போய் நெஞ்சில் கை வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். மனசு விட்டுச் சிரித்தால் ரமாவின் உடம்பு விட்டுப்போகும். முதலில் தாடை தொங்கும். பிறகு கழுத்து, பிறகு முழங்கால். கையில் என்ன இருந்தாலும் நழுவி விழும். நின்றுகொண்டிருந்தால், கொடியிலிருந்து உருவிய புடவை மாதிரி அப்படியே தரையில் சரிந்துவிடுவாள். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிறகு எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு விட்ட வேலையைத் தொடருவாள்.

என் பெயர் ரெஜினா. எம்.கே.பி. நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பா போட்ட மளிகைக் கடையில் பாதியைத் தடுத்து வாங்கிக்கொண்ட கடை. ஊர் வம்பு பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊர் விஷயம் தெரியாமல் இருப்பது எப்படி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ரமாவைப் பள்ளிக்கூட யூனிஃபார்மில் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுக்கா, ஆனா அழுவாச்சியா எழுதாத" என்றாள். முயற்சி செய்கிறேன்.

அவள் அப்பா பீம்ராவ். துறைமுகத்தில் மூட்டை தூக்கச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். என் கடைக்கு எதிரே இருக்கும் வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மனைவி சீக்கிரமே இறந்துபோனாள். மறுகல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மகளைத் தனியாக வளர்த்தார். சோறு வடிப்பார், பின்னல் போட்டுவிடுவார், பரீட்சை என்றால் அவளோடு சேர்ந்து கண் விழிப்பார். சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும். பேய், பில்லி, ஜாதகம் எதுவும் அவர் வீட்டுப் படி ஏற முடியாது.

அவர் பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுதான் போவார். கேட்டால் பழக்கம் என்பார். எனக்குத் தெரிந்து அது பழக்கம் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தைத் துரத்திக்கொண்டு வந்தது. முதுகு ஒடிய உழைத்த ஜனத்தைப் பார்த்து, துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாதவர்கள் சொன்ன வார்த்தை: சோம்பேறி. "அத்த சொல்றதுக்குன்னே நாலு பேரு காத்துகினு கீறான் ரெஜினா. நாம குந்தினா போதும், சொல்லிடுவான்" என்பார். குந்தவே கூடாது என்று முடிவு கட்டிக்கொண்ட மனிதர்.

அப்படிப்பட்டவருடைய மகளுக்குப் பதினைந்து வயதில் தூக்கம் வந்தது.

எல்லாருக்கும் வருவது மாதிரி இல்லை. ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழுந்தவள், காலையில் இட்லியைப் பிட்டுக் கையில் வைத்தபடியே தூங்கினாள். வகுப்பில் தூங்கினாள். பஸ்ஸில் தூங்கி டோல்கேட் வரை போய்த் திரும்பினாள். அதைவிட விசித்திரம், தூங்குவதற்கு முன்பே கனவு வந்துவிடும். கணக்கு டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகைக்குள்ளிருந்து ஒரு ஆடு தலையை நீட்டும். அவளுக்கு டீச்சரும் தெரியும், ஆடும் தெரியும். எது வகுப்பு, எது கனவு என்று கோடு போட முடியாது. விடியற்காலையில் கண் திறந்தால் கால்மாட்டில் ஒரு ஆள் நிற்பான். கத்த வாய் வராது, விரல்கூட அசையாது.

எதிர் வீட்டுக் கெங்கம்மா நல்ல மனசுக்காரி. "இது காத்து பட்டிருக்கு பீமு. ராயபுரத்துல ஒரு ஆளு கீறாரு, மந்திரிச்சா சரியாப்பூடும்" என்றாள்.

பீம்ராவ் அவளைப் படியிறக்காத குறை. "காத்தும் இல்ல கருப்பும் இல்ல. இது சோம்பேறித்தனம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். நின்றுகொண்டே படிக்க வைத்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார். வீட்டிலிருந்த ஒரே மர நாற்காலியை மொட்டை மாடியில் ஏற்றிப் போட்டார். பேயை வாசலிலேயே தடுத்த மனிதரால், தன் மனசுக்குள் இருந்த அந்தப் பழைய வார்த்தையைத் தடுக்க முடியவில்லை. பேய் என்று சொல்லியிருந்தால் யாராவது ஒரு கயிறு கட்டிவிட்டு இரக்கப்பட்டிருப்பார்கள். சோம்பேறித்தனம் என்ற பிறகு இரக்கத்துக்கு ஏது இடம்? எனக்கு அப்போதே அவர் மேல் கோபம். மனிதர் மேல் மரியாதையும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் முறை அவள் விழுந்தது ஒரு ஏப்ரல் பதினாலாம் தேதி, அம்பேத்கர் ஜெயந்தி விழா மேடைக்குப் பக்கத்தில். வெள்ளைப் புடவை கட்டி, லட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும், தெருநாய் ஒன்று மேடையேறி அவர் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது. கூட்டமே சிரித்தது. ரமா மட்டும் சிரித்தபடியே தட்டோடு கீழே போனாள்.

வலிப்பு என்று யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கெங்கம்மா வேப்பிலைக்கு ஓடினாள். பீம்ராவ் வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஒண்ணும் இல்ல. நடிக்கிறா. நின்னுகினு வேலை செய்யக் கசக்குது. அதான் நடிக்கிறா."

ரமாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கண் இமை மூடியிருந்ததே தவிர அவள் முழுசாக உள்ளேயே இருந்தாள். லட்டு மேல் ஈ உட்காரும் வாசம் முதற்கொண்டு தெரிந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். வாசத்துக்கு ஈ உட்காருவது தெரியுமா என்று நான் கேட்டதற்கு, "நீ வுழுந்து பாரு, தெரியும்" என்றாள். இன்னொன்றும் தெரிந்ததாம். நடிக்கிறாள் என்று சொன்ன அந்த நேரம் முழுக்க, அவருடைய ஒரு கை அவள் தலைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது.

அடுத்தது வீட்டுக்குள் நடந்தது. டிவியில் ஏதோ காமெடி. ரமா சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள், விழுந்தாள், கொதிக்கிற கஞ்சி காலுக்கு ஒரு முழம் தள்ளி ஓடியது. பீம்ராவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அவளைக் குலுக்கினார், எழுப்பினார், அவள் எழவில்லை. "எய்ந்திரு. நடிச்சது போதும். உங்கம்மா போனப்பவே நீயும் கூடப் போயிருக்கலாம்" என்றார். ரோஷம் வந்து எழுந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். ரமா எழ முயற்சி செய்தாள். கட்டளை போனது, உடம்பு வரவில்லை. அந்த அரை நிமிடம் முழுக்க அந்த வாக்கியத்தோடு கிடந்தாள்.

அதன் பிறகு ரமா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இதை எழுதுவது சுலபம். ஒரு பதினாறு வயசுப் பெண் சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு பெண்கள் கூடிப் பேசினால் விலகிப் போனாள். டிவி பக்கம் திரும்பமாட்டாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொள்வாள். தெருவில் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் இடத்தில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். அங்கேயும் தூக்கம் விடவில்லை. கண் திறந்திருக்கும், கை கத்தரியை ஓட்டிக்கொண்டே இருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டாள். நினைவு வந்து பார்த்தபோது ஒரு சட்டைக் காலரைப் பாதி வெட்டியிருந்தாள். வேலை போனது. பீம்ராவ் பல மாசம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு மட்டும் போட்டு வைப்பார்.

அப்போதுதான் அவளை என் கடையில் வைத்துக்கொண்டேன். இரக்கம் என்று நினைக்க வேண்டாம், எனக்கு ஆள் தேவைப்பட்டது. தூக்கம் வந்தால் பேப்பர் கட்டின் மேல் தலை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு எழுந்திரு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் தூங்கினால் அடுத்த இரண்டு மணி நேரம் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

ஒருநாள் ஜெயவேல் வந்தான். திருவொற்றியூர்க்காரன், ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறவன். லைசென்ஸை நீட்டினான். "ரெண்டு காப்பி போடுங்க. போட்டோல கீறது நான்தானான்னு எனக்கே டவுட்டு. ஒரு காப்பியாச்சும் என்ன மாதிரி வருதா பாப்போம்."

ரமா தயாராக இல்லை. அம்மாவை நினைக்க நேரம் கிடைக்கவில்லை. மெஷின் மேல் சரிந்து, அங்கிருந்து தரைக்கு வந்தாள். ஜெயவேல் கவுண்டரைத் தாண்டிக் குதித்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்ததும் தண்ணீர் வேண்டுமா, டாக்டரிடம் போகலாமா என்று ஒன்றும் கேட்கவில்லை. "நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டான்.

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "எல்லாம் கேட்டுச்சி" என்று சொல்லிவிட்டு ரமா அழுதாள். கல்யாணம் நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாற்காலி ஜெயவேல் கண்டுபிடித்தது. பேச்சுக்குப் பேச்சு ஜோக்கடிக்கிறவன் அவன்; வாயைக் கட்டினால் செத்துப்போவான். "நீ சிரிக்காம இருக்கறதும் வோணாம், வுழுறதும் வோணாம். முதல்ல நாற்காலி, அப்பால ஜோக்கு" என்றான். கல்யாணமான புதிதில் வீட்டில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அறைக்கு அறை அவள் பின்னாலேயே போகும். இத்தனை வருஷத்துச் சிரிப்பையும் அவள் அதில் உட்கார்ந்து சிரித்துத் தீர்த்தாள். விழுந்து, எழுந்து, "இன்னொண்ணு சொல்லு" என்பாள்.

பீம்ராவ் ஒருமுறை இதைப் பார்த்தார். "நடிக்கிறவளுக்கு நீ சேர் வேற போடு" என்று மருமகனிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

பிறகு குழந்தை பிறந்தது. ஜெயவேலின் ஜோக்குக்கு நாற்காலி போடலாம். குழந்தையின் சிரிப்புக்கு எதைப் போடுவது? அது எப்போது வேண்டுமானாலும் பொக்கை வாயைத் திறக்கும். ஒருநாள் ரமா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது சிரித்தது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் பாயில் விழுந்ததால் தப்பித்தார்கள். குழந்தைக்கு அடி இல்லை, அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள்.

ஓர் அரசு மருத்துவமனையில் தூக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்து, மறுநாள் பகலிலும் விட்டுவிட்டுத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பீம்ராவும் வந்தார். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்று வந்தார். கடையைச் சாத்திவிட்டு நானும் போயிருந்தேன். பகலெல்லாம் அவர் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே மகள், வாழ்க்கையில் முதல்முறையாக, தூங்கச் சொல்லித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கௌசர் பொறுமையாகச் சொன்னார். "தூக்கத்துல கனவு வர்ற நேரம் மூளை உடம்பைக் கட்டிப் போட்டுடும். இல்லேன்னா கனவுல ஓடறவங்க நிஜமாவே எழுந்து ஓடுவாங்க. அந்தக் கனவு, அந்தக் கட்டு ரெண்டும் தூக்கத்துக்குள்ளயே இருக்கணும். விழிப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்குன்னு வச்சுக்கோங்க. அதைச் சாத்தி வைக்கிற பொருள் மூளையில சுரக்கணும். இவங்களுக்கு அதைச் சுரக்கிற செல்கள் சின்ன வயசுலயே போயிடுச்சு. அதனால கனவு பகல்ல வருது. கட்டு, சிரிக்கும்போது வருது. நார்கோலெப்சின்னு பேரு. முழுசா குணமாகாது, மாத்திரையில நல்லாக் கட்டுப்படும்."

பீம்ராவ் கேட்டார். "அப்போ சோம்பேறித்தனம் இல்லியா?"

"ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்ல தூங்காம இருந்தா நமக்கு எப்படி இருக்கும், அதுதான் இவங்களுக்குத் தினமும். அப்படி இருந்துகிட்டே படிச்சிருக்காங்க, வேலைக்குப் போயிருக்காங்க. இவங்களைவிட உழைக்கிறவங்களை நான் பார்த்ததில்ல."

பீம்ராவ் முகத்தில் அப்போது ஒன்று ஓடியதைப் பார்த்தேன். நடிப்பு இல்லை என்றால் மயக்கம். மயக்கம் என்றால் மகளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அந்த ஒரு நிம்மதியாவது மிச்சமாகும் என்று நினைத்திருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார். "வுழுந்து கெடக்கறப்போ, சுத்தி பேசறது அதுக்குத் தெரியாதுங்களா டாக்டரம்மா?"

"எல்லாம் கேட்கும். நினைவு முழுசா இருக்கும். பதில் சொல்லத்தான் முடியாது."

அவர் தலையை ஆட்டினார். வெளியே வந்து, அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் காலடிப்பேட்டைப் பக்கமே போகவில்லை. பேத்திக்கு நேந்திரம்பழம் வாங்கி என் கடையில் வைத்துவிட்டு, "ரமா வந்தா குடு" என்று போய்விடுவார். ரமா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். தூக்கம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. விழுவது குறைந்தது, நிற்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் பெரிதாக இல்லை. "நைனா என்ன பாக்கவே மாட்டேங்கறாருக்கா. நடிக்கிறான்னு திட்டிகினு இருந்தப்பவாச்சும் வூட்டுக்கு வந்துகினு இருந்தாரு" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். சொன்ன வார்த்தையை அவள் எப்போதோ தாண்டி வந்துவிட்டாள். அவர் அந்த வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்பாவை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் கருவாடு வாங்கப் போயிருந்தேன். ஜெயவேலுக்குக் காசிமேட்டில் தெரிந்தவர்கள் உண்டு. ரமா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். வாசலில் பீம்ராவ் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். நேராக உள்ளே போய், அந்த நீல நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மகள் முன்னால் போட்டார்.

"குந்து" என்றார்.

ரமா டம்ளரோடு உட்கார்ந்தாள்.

பீம்ராவ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆர்பர்ல ஒரு தபா உப்பு கரைஞ்சிப்போச்சி" என்று ஆரம்பித்தார். "அதாவது, மூட்டை ஒண்ணு தண்ணில வுழுந்துச்சி. உப்பு மூட்டை. மேஸ்திரி ஒருத்தன குதிச்சி எடுடான்னாரு. அவன் போயி எடுத்துகினு வந்தான். வெறும் கோணி. இன்னாடான்னா, உப்பு கரைஞ்சிப்போச்சின்னான்." கொஞ்சம் யோசித்தார். "அவன் வேற மாதிரி சொன்னான். அத்த மறந்துட்டேன்."

அவ்வளவுதான் ஜோக். முடிவை முதலில் சொல்லி, நடுவைக் கடைசியில் சொல்லி, சிரிப்பு வருகிற இடத்தை மறந்தும் போயிருந்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ரமா சிரித்தாள். தோள் குலுங்கியது, தலை சாய்ந்தது, கண் மூடியது.

பீம்ராவ் சட்டென்று குனிந்து அவள் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்.

"ரமா. கேட்டுகினுதான கீற. டாக்டரம்மா சொல்லிச்சி. அன்னிக்கி கஞ்சி கொட்டினப்போ ஒண்ணு சொன்னேன் பாரு, உங்கம்மா கூட நீயும் போயிருக்கலாம்னு. அத்த நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ போயிருந்தா நானும் போயிருப்பேன். அவ்ளோதான். நீ கண்ணு தொறந்து பாத்துகினு இருந்தா எனக்கு வாய் வராது. அதான் இப்பவே சொல்லிட்டேன்."

ரமா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். "டீ குடிக்கிறியா நைனா?" என்றாள். "சக்கர கம்மியா" என்றார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

என்னைப் பஸ் ஏற்றிவிட ரமா தெருமுனை வரை வந்தாள். கருவாட்டுப் பையை அவள்தான் வைத்திருந்தாள். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, விழுந்தா கையில இருக்கறது எல்லாம் நழுவிடுமே. உன் டம்ளர்ல இருந்து ஒரு சொட்டு டீ சிந்தலையே?"

ரமா நின்றாள். திரும்பி வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நைனா சொன்ன ஜோக்குக்கு எவன்க்கா சிரிப்பான்? ஆனா அவரு கைய ரெடியா வெச்சிகினு நின்னாரு. நான் வுழலேன்னா அவரு சொல்ல வந்தத சொல்லாமயே போயிருப்பாரு. பதினாறு வருசமா நடிக்கிறா நடிக்கிறான்னு சொன்னாரு இல்ல? ஒரு தபாவாச்சும் அவரு சொன்னது நெசமா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நாற்காலி இல்லை. நடுத்தெருவில் அவளை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தாங்கிக்கொண்டு நின்றேன். பை நழுவிக் கீழே விழுந்து, என் கருவாடு முழுக்க ரோட்டில் சிதறியது.